உயரம்: ஏழு மீட்டர்

படிவத்தின் மூன்றாம் கட்டம் உயரம் கேட்கிறது.
மலைப் பூங்காவில்
இரண்டாயிரத்து நூற்றுப் பத்து என்று எழுதினேன்,
விரல் விறைத்து, எண்கள் சரிய.
மயிலிட்டியில் எழுதுகிறேன்:
ஏழு.

அங்கே நாற்பது கமராக்கள்.
அட்டை கடித்த காலுக்கு உப்புத் தடவியபடி
அந்தோனிசாமி சிரிப்பான்:
"யாழ்ப்பாணத்துக்காரவங்களுக்கு மதகுதாங்க மல."
பதினோராயிரம் படங்கள்.
ஒன்பதாயிரத்தில் காற்றும் இலையும்.
மிச்சத்தில் மரைகள், முள்ளம்பன்றி,
பனிக்குள் போய்க்கொண்டிருந்த
ஒரு சிறுத்தையின் வால் மட்டும்.
வாலையும் ஒன்றென எண்ணலாம் என்றார்கள்.
எண்ணினோம்.

பழுதென ஒதுக்கிய நாற்பத்தோராவது கமராவைத்
திருத்தி இங்கே கொண்டுவந்தேன்.
இருபத்தேழு வருடம் முள்ளுக்கம்பிக்குள் கிடந்து
போன மாசியில் விடுபட்ட எங்கள் காணி.
வீடு இருந்தது என்றது உறுதி.
நாயுண்ணிப் பற்றைக்குள் அரை நாள் தேடி
குசினிச் சுவரைப் பிளந்து நின்ற
ஆலமரத்தைக் கண்டேன்.
அதில் கட்டினேன்.

அப்பா வரவில்லை.
"அங்க இனி என்ன கிடக்கு?"

முதலிரவு ஒன்றுமில்லை.
இரண்டாமிரவு கீரி, பின்னால் மூன்று குட்டி.
ஐந்தாமிரவு
கிணற்றுக் கட்டில் மரநாய்,
கண் இரண்டும் வெள்ளைப் பொட்டாய்.
பகலில் உடும்பு,
குளியலறை இருந்த பக்கமிருந்து
வீட்டுக்காரரைப் போல மெதுவாய்.

ஒன்பதாமிரவு, இரண்டு பதினான்கு.
சாரம் கட்டிய ஓர் ஆள்.
கையில் வெளிச்சம் இல்லை.
பதினாறு படங்கள்.
முதல் ஏழில் காலால் நிலத்தைத் தட்டுகிறார்.
பிறகு ஓரிடத்தில் நிற்கிறார்.
பன்னிரண்டாவதில் குனிந்து
செருப்பைக் கழற்றுகிறார்.
பதின்மூன்றாவதில்
கதவும் நிலையும் இல்லாத இடத்தால்
தலையைச் சற்றுத் தாழ்த்தி
உள்ளே வருகிறார்.

மனிதர் விழுந்தால் அழித்துவிட வேண்டும்,
அது ஆய்வின் விதி.
மலையில் விறகு பொறுக்க வந்த பெண்களை
யோசிக்காமல் அழித்திருக்கிறேன்.
பதினைந்தை அழித்தேன்.
செருப்பு மட்டும் விழுந்த கடைசிப் படம்
இன்னும் கிடக்கிறது,
இனம் என்ற கட்டம் வெறுமையாக.

காலையில் தேத்தண்ணியோடு அப்பா கேட்டார்:
"உன்ர கமராவில என்ன விழுந்தது?"
"கீரி."
"வேற?"
"உடும்பு. ஒரு மரநாய்."
ஊதி ஊதி ஒரு மிடறு குடித்தார்.
"ஓ... அது கிணத்துக் கட்டிலதான் இருக்கும்."

ஞாயிறு போய்ப் பற்றரி மாற்ற வேண்டும்.