ஓரம் விடுதல்

சயான் கோலிவாடாவில் என் கடை
எட்டடிக்கு ஆறடி.
அறுபது மிக்ஸி, ஒரு ஸ்டூல், நான்.
ஸ்டூலில் யாராவது உட்கார்ந்தால்
நான் தெருவுக்கு வந்துவிட வேண்டும்.

கம்பெனி கைவிட்ட ஜாருக்குக் கப்ளர் தேடி
பாண்டுப்பிலிருந்தும் பன்வேலிலிருந்தும் வருகிறார்கள்.
ஒன்றரை மணி நேரம் ரயிலில் தொங்கி வந்தவரிடம்
"இது இல்லைங்க" என்று சொல்ல
வாய் கூசுகிறது.
அதற்காகத்தான் இணையதளம்.

பெயருக்கு முதல் வருடம் நூற்றுத் தொண்ணூற்றொன்பது.
இரண்டாம் வருடம் எவ்வளவு என்பதைப்
பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள்.
எழுத்தின் அளவு எதற்குப் பயன்படுகிறது என்ற பாடம்
அங்கேயே தொடங்கியது.

ஷட்டரை இறக்கிவிட்டு, பதினோரு மணிக்கு மேல்
ஒன்றரை மடங்கு வேகத்தில் வீடியோ பார்த்துப் படித்தேன்.
முதல் பக்கத்திலேயே எல்லாம் வைத்தேன்:
கப்ளர், வாஷர், பிளேடு, கார்பன் பிரஷ்,
மூன்று போன் நம்பர்,
சிவப்பின் மேல் பச்சை,
மூலையில் சுழன்றுகொண்டே இருக்கும் பிள்ளையார்.
அசல் என் கடைதான்.
நுழைந்தவர் திரும்ப வழியில்லை.

காலியிடம் விடுங்கள் என்றான் வீடியோப் பையன்.

காலியிடமா?
தம்பி, இந்த ஊரில் சதுர அடி என்ன விலை தெரியுமா உனக்கு?
ஐந்து பேர் படுக்கும் எங்கள் அறையில்
கதவைத் திறக்க ஒருவர் காலை மடக்க வேண்டும்.
மேம்பாலத்துப் படிக்கட்டின் அடியில்கூட
ஒருவன் எலுமிச்சம்பழம் விற்கிறான்.
நான் எதை விடுவேன்?

ஒரு வாரம் கை வரவில்லை.
பிறகு பிள்ளையாரை நிறுத்தினேன்.
அவருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.
இரண்டு நம்பரை எடுத்தேன்.
ஒவ்வொரு படத்தைச் சுற்றியும்
இருபத்து நான்கு பிக்சல்,
யாருக்கும் வாடகைக்கு விடாமல்.
வெள்ளை சும்மா கிடந்தது.
நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்,
மும்பையில் எனக்கு வாய்த்த
முதல் காலி மனையை.

தமிழ்ப் பக்கம் வேறு விதமாகப் படுத்தியது.
ஓர் எழுத்துருவில் கொம்பு கழன்று
புள்ளி வட்டத்தோடு தனியே நின்றது.
கழன்றதை மாட்டுவதுதான் என் பிழைப்பு,
ஆனாலும் இரண்டு ராத்திரி பிடித்தது.
"தொடர்புகொள்ளவும்" பட்டனுக்குள் அடங்கவில்லை.
ரயில் கிளம்பிய பின் பிளாட்பாரத்தில் நிற்பவனைப் போல
"வும்" மட்டும் அடுத்த வரியில்.
கடைசியில் "பேசுங்க" என்று போட்டேன்.
எங்கள் தெருவில் யாரும் யாரையும்
தொடர்புகொண்டதே இல்லை.
பேசித்தான் பழக்கம்.

முதல் மாதம் முப்பத்தொரு பேர் பார்த்திருந்தார்கள்.
இருபத்தாறு பேர் நான்.
நான்கு பேர் மைத்துனன் சங்கிலி.

மீதி ஒருவர்
ஜாரோடு நேரில் வந்தார்.
செம்பூர் பிரமிளா தாம்லே.
"உங்க பட்டன் சரியில்லை" என்றார், இந்தியில்.
நல்ல ஆரஞ்சு நிறம், ஓரமெல்லாம் வளைத்திருக்கிறேன்,
என்ன குறை என்றேன்.
"அரைக்கும்போதுதானே மிக்ஸி நிற்கும்?
அப்போ கையெல்லாம் தேங்காய்."
விரலை மடக்கி
முட்டியால் திரையைத் தட்டிக் காட்டினார்.
பேசுங்க திறக்கவில்லை.
வாஷர் விலை திறந்தது.

எந்த வீடியோவிலும் இது இல்லை.
அன்றிரவு என் விரல் முட்டியைத் திரையில் வைத்து
அளவெடுத்தேன்.

இரண்டாம் வருடத் தொகை
ஆயிரத்துத் தொண்ணூற்றொன்பது.
கட்டிவிட்டேன், முணுமுணுத்துக்கொண்டே.

அந்தச் சூட்டோடு
மிக்ஸிகளை மேல் தட்டில் அடுக்கி
ஸ்டூலைச் சுற்றிலும் ஒரு முழம்
இடம் விட்டேன்.
மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கி
டீக்குப் போய்த் திரும்புவதற்குள்
பக்கத்துக் கடை இர்ஃபான்
அதில் தன் குடையைச் சாய்த்து வைத்திருந்தான்.