மிகைத்தொகை

தத்தனேரி நிறுத்தத்தில் கண்டக்டர் கேட்டார்:
"ஆஸ்பத்திரியா, சுடுகாடா?"
பொம்பளைகளுக்கு ரெண்டுக்குமே டிக்கெட் காசு கிடையாது.
பத்தொன்பது மாசத்தில் பதினோரு தடவை
அதே கேள்விக்குக் கையைத் தூக்கிக் காட்டினேன்.

ஈ.எஸ்.ஐ. போர்டில் மூன்று டாக்டர்கள்.
ஒருவர் ஸ்கேலை வைத்து
இல்லாத இடத்தை அளந்தார்.
"நாலு விரல். ஐம்பது பர்சென்ட்.
அடுத்த ஆள்."
கப்பலூரில் ரப்பர் பிரஸ்
மூடித் திறந்த நேரம்
ஒரு தும்மலுக்குக் காணாது.
அதைப் பாதி என்று சொல்லத்தான்
இத்தனை மாசம்.

அதுவரை உலை வைத்தது இன்சூரன்ஸ்,
மாசம் ஐயாயிரத்து இருநூறு.
கம்பெனி எல்லாருக்கும் சேர்த்து எடுத்த பாலிசி.
வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு
ஜெயராக்கினி அக்கா தொட்டுக் காட்டிய இடத்திலெல்லாம்
கையெழுத்துப் போட்டேன், ஏழு இடம்.
கேண்டீன் மணி அடித்துவிட்டது.
பதினாலாவது பிரிவை
யார் படித்தார்கள் அந்தப் பசியில்?

பிறகு நிலுவை மொத்தமாக வந்தது:
ஒரு லட்சத்து ஆறாயிரத்து இருபது.
பேங்க் மெசேஜை மகள் சத்தமாக வாசித்தாள்.
"இன்னொரு தடவை வாசி" என்றார் வீட்டுக்காரர்.
மூன்றாம் தடவை நான்தான்
பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் என்று அடக்கினேன்.

ஒன்பது நாள் இருந்தது அந்தப் பணம்.
மீட்டர் வட்டிக்காரனுக்கு நாற்பத்தாறாயிரம்.
நாத்தனார் சங்கிலியை மீட்க முப்பத்தெட்டு;
அதைக் கழுத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான்
வெகுநாள் கழித்து எங்கள் வீட்டில் காபி குடித்தாள்.
வாடகை பாக்கி, ஸ்கூல் பாக்கி.
எனக்கென்று வாங்கியது
இடது கைக்கு வாகாக ஒரு கத்தி,
நூற்றிருபது ரூபாய்.

பத்தாம் நாள் ரிஜிஸ்தர் தபால்.
'அரசுப் பயன் தங்களுக்குக் கிடைத்துள்ளபடியால்
நாங்கள் வழங்கிய ரூபாய் தொண்ணூற்றெட்டாயிரத்து எண்ணூறு
மிகைத்தொகையாகக் கருதப்படும்.'

மிகை.

ரேஷன் அரிசிக் கஞ்சிக்கு
ஒற்றை ஊறுகாய் பாக்கெட்டை மூன்றாகப் பங்கு வைத்தோமே,
அங்கேதான் இருந்திருக்கிறது,
எங்கள் ஒருத்தர் கண்ணிலும் படாமல்.

காளவாசல் ஆபீஸில் கிருபாகரன் நல்ல மனுஷன்.
தண்ணீர் பாட்டிலை மூடி திறந்தே தந்தார்.
"ஒரே நஷ்டத்துக்கு ரெண்டு பேர் தரக் கூடாதும்மா."
ஒரே நஷ்டமா சார்?
சேலைக் கொசுவம். மகளுக்குப் பின்னல்.
குழம்புச் சோற்றைப் பிசைகிற சுகம்.
ராத்திரியில் இல்லாத விரலில் வரும் அரிப்பு,
அதை எங்கே சொறிவது?
ஒன்றும் சொல்லவில்லை.
சொன்னால் அதற்கும் ஒரு சதவீதம் போட்டுவிடுவார்கள்.

தவணை கேட்டேன். மாசம் இரண்டாயிரம்.
இடது கையால் முத்துராக்கு என்று எழுதினேன்;
கோட்டை விட்டு இறங்கி ஓடியது பேர்.
கம்ப்யூட்டரில் பழைய கையெழுத்தைப் பார்த்து
"பொருந்தலையேம்மா" என்றார்.
"சம்மதிச்ச கை வேற சார்.
கப்பலூர்ல கேட்டாத்தான் தெரியும்."
சிரிக்கலாமா என்று புரியாமல்
டிராயரில் மைப்பெட்டியைத் தேடினார்.

வலது கட்டைவிரல் இருக்கிறது.
ஒட்டிக்கொள்ள பக்கத்தில் யாரும் இல்லாததால்
ரேகை சுத்தமாக விழுந்தது.

நாற்பத்தொன்பது மாசம் இரண்டாயிரம்.
ஐம்பதாம் மாசம் எண்ணூறுதான்.
அந்த மாசம் ஆயிரத்து இருநூறு கையில் நிற்கும் என்று
பஸ்ஸில் நின்றபடி கணக்குப் போட்டேன்.
மை காயவில்லை.
சேலையில் படக்கூடாதென்று
கட்டைவிரலை உயர்த்திப் பிடித்தபடியே
பழங்காநத்தம் வரை வந்தேன்.

எதிர் சீட்டில் அம்மா மடியிலிருந்த ஒரு பையன்
வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தான்.
இறங்கும்போது அவனும்
விரலைத் தூக்கிக் காட்டினான்,
சூப்பர் என்று.