தண்ணிக் கழிவு

பதினொரு வருசம் கொழுந்து எடுத்தவள் நான்.
தராசுக்குப் பயந்தவள் இல்லை என்றிருந்தேன்.
மடுவத்தில், கொக்கியில் சாக்கு தொங்கும்;
முள் ஆடி ஓயுமுன்னே எழுதிவிடுவார்கள்:
சாக்குக்கு ஒன்று கழிவு,
மழையென்றால் தண்ணிக்கு இரண்டு.
வெயிலிலும் தண்ணிக்கு இரண்டு.
பதினெட்டு வராவிட்டால்
அரைப் பேர்.

லிந்துலை ஆஸ்பத்திரித் தராசில்
கொக்கியும் இல்லை முள்ளும் இல்லை.
நனைந்த சுவெட்டரோடு ஏறி நின்றேன்.
எண்பத்து நாலு.
"தண்ணிக்குக் கழிக்க மாட்டீங்களா மிஸ்?"
சந்திமா மிஸ்ஸுக்கு விளங்கவில்லை.
வரிசையில் நின்ற கொழுந்துக்காரிகள் மட்டும்
வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அடுத்தது டினோஜன்.
பத்து வயது, நாற்பத்தெட்டு.
பாடசாலையில் கொடுத்த துண்டை
நாலாய் மடித்து இரண்டு கிழமை
காற்சட்டைப் பைக்குள்ளேயே வைத்திருந்தான்.
வகுப்பில் அவனுக்குப் 'பூசணி' என்று பேராம்.
அதையும் மிஸ்ஸிடம்தான் சொன்னான்,
என்னிடம் இல்லை.

என் பிள்ளைக் காம்பரா அட்டை
இன்னும் தகரப் பெட்டியில் கிடக்கிறது.
கோட்டுக்குக் கீழே, சிவப்புக்குள்,
எறும்பு மாதிரி ஊர்கின்றன என் புள்ளிகள்.
திரிபோஷா பொதி என் பேருக்கு வரும்;
நாலு பேர் தின்போம்.
இவன் பிறந்த அன்றே முடிவு செய்தேன்,
இவன் புள்ளி கோட்டுக்கு மேலேதான் என்று.
ஊட்டினேன். ஒவ்வொரு மாதமும் கன்னம் உப்ப,
யாரோ என்னிடம் பட்ட கடனைத்
தவணை தவணையாய்த் தீர்ப்பது போலிருந்தது.

மிஸ் ஏசவில்லை. ஏசியிருந்தால் சுகமாய் இருந்திருக்கும்.
பாதித் தமிழில் கேட்டார்:
சீனி எத்தன கரண்டி? மூன்று.
தேத்தண்ணி எத்தன? ஆறு.
ரொட்டி கோதம்ப மாவா?
வேறு மாவும் இருக்கிறதா மிஸ்?
நடக்கிறதா?

மலையை விட்டு கார்மென்ட்ஸ் போன நாலு வருசமாய்
காலையில் வேன், மாலையில் வேன்,
நடுவில் ஒன்பது மணித்தியாலம் ஸ்டூல்.
முதுகு மட்டும் கூடை இருப்பதாய் நினைத்து
இன்னும் முன்னே சாய்கிறது.
வயிறும் அப்படித்தான்.
நாளைக்கு அரைப் பேராகிவிடுமோ என்று
இன்றைக்கே சேர்த்து வைக்கிறது.

தட்டின் படம் வரைந்து
பாதியைப் பச்சையாய்த் தீட்டிக் கொடுத்தார்.
எங்கள் ரோட்டால் தினமும்
கரட்டும் லீக்ஸும் லொறி லொறியாய்
கொழும்புக்கு இறங்குகின்றன.
நாங்கள் விலையைக் கேட்டுவிட்டு
பருப்பு வாங்கி வருகிறோம்.

கொழும்பிலிருந்து மாதக் கடைசியில் வருவார் இவன் அப்பா,
ஒரு கையில் பெரிய சோடா போத்தல்,
மறு கையில் கிறீம் பிஸ்கட்.
போனில் சொன்னேன்: "இந்த முறை ஒரு பந்து வாங்கிட்டு வாங்க."
கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.
பிறகு கேட்டார்: "அப்ப புள்ளைக்குப் பசிக்காதா?"

இந்தக் கிழமை சீனி இரண்டரை.
வேனைப் பாலத்தடியிலேயே நிறுத்தச் சொல்லி,
இவனும் அங்கே வந்து சேர,
குறுக்குப் பாதையில் ஏறுகிறோம்.
இவன் மூச்சு வாங்க நின்றால்
எனக்கும் நிற்க ஒரு சாட்டு.

நேற்று மடுவத்தில் அந்தி நிறுவை.
கொக்கியைப் பார்த்தவன்
என் கையை விட்டுவிட்டு ஓடினான்.
"என்னையும் நிறுங்க மாமா."
எனக்கு நெஞ்சு அடைத்தது.
இரண்டு கையாலும் கொக்கியைப் பிடித்து,
காலை மடக்கித் தொங்கினான்.
மரியசூசை அண்ணன் உரக்கக் கத்தினார்:
"நாப்பத்தெட்டு! தண்ணிக்கு ரெண்டு கழிவு, நாப்பத்தாறு!"
எல்லாரும் சிரித்தார்கள், இவனும்தான்.

கீழே குதித்தவன்
வானத்தை ஒருதரம் பார்த்துவிட்டுக் கேட்டான்:
"மழையே இல்லையே மாமா, ஏன் கழிச்சீங்க?"

சிரிப்பு நின்றது.
சாக்குகளோடு நின்ற பெண்கள் எல்லாரும்
மரியசூசை அண்ணனையே பார்த்தார்கள்.
வெறுங்கொக்கி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது.
லயத்துக்கு இன்னும்
நூற்றிச் சொச்சம் படி.
நாங்கள் ஏறவில்லை, நின்றோம்.