எடைமேடை

பஹாவ் செம்பனை ஆலையின் எடைமேடையில்
நானொரு தற்காலிகக் கிராணி.
படிப்பு, இயந்திரப் பொறியியல்.
அறுபத்து மூன்று விண்ணப்பம் போட்டதில்
ஷா ஆலாமில் ஒருவர் மட்டும் கூப்பிட்டு
மாண்டரின் வருமா என்றார்,
வராது என்றதும்
குடிக்கத் தண்ணீர் போத்தல் கொடுத்தனுப்பினார்.

முதுகலைப் படிவம் கைப்பேசியில் திறந்தே கிடக்கிறது.
ஏன் ஆய்வு செய்ய விரும்புகிறீர்?
முந்நூறு சொற்களில்.

வேலை கிடைக்கவில்லை.
இரண்டு சொல் ஆயிற்று.

படிக்கும்வரை கடன்காரக் கடிதம் வராது,
மாரியம்மன் கோயில் வாசலில்
மக என்ன பண்றா என்பவர்களுக்கு
அம்மாவிடம் ஒரு பதில் இருக்கும்.
இதற்கெல்லாம் படிவத்தில் கட்டமில்லை.

மழை பெய்தால் இந்த மேடை
நாற்பது கிலோ கூட்டிச் சொல்கிறது,
வெறும் லோரிக்கும்.
மேனேஜர் சொன்னார்:
எல்லா மேடையும் அப்படித்தான்.
விட்டிருக்கலாம்.
ரசீதுப் புத்தகத்தின் பின்பக்கங்களில்
மழை, மணி, எடை என்று
மூன்று மாதமாய்
யாரும் கேட்காமல் குறித்துவருகிறேன்.
லோரி நனைந்த தண்ணீரைக் கழித்தாலும்
பதினெட்டு மிஞ்சுகிறது.
அந்தப் பதினெட்டு
ராத்திரியில் என்னை எழுப்புகிறது.

நள்ளிரவோடு படிவம் மூடும்.
தூறல் பிடித்துவிட்டது.
பழம் கொட்டித் திரும்பிய மாசிலாமணி
ஹாரன் அடிக்கிறார்:
சீட்டு எழுதிட்டியாம்மா?

இல்லண்ணே.
கொஞ்சம் இறங்கி நில்லுங்க,
இன்னொரு தடவ
வெறும் லோரிய நிறுக்கணும்.