முன்பணம்

சனிக்கிழமை பதினொரு மணிக்கு
ஏஜண்ட் கோ வருகிறார்.
சுவரில் ஆணித் துளைகளை எண்ணுவார்.
ஏர்கான் கழுவிய ரசீதைக் கேட்பார்.
அப்புறம் முட்டி மடக்கி உட்கார்ந்து
ஓவன் கதவைத் திறப்பார்.
போன வாரமே சொல்லிவிட்டார்:
இப்படியே விட்டால் முன்பணத்தில்
முந்நூறு வெள்ளி போகும்.

நாங்கள் அதை
அவன் என்றுதான் சொல்வோம்.
இரண்டு பெண்கள் குடியிருந்த வீட்டில்
ஒரே அவன்.
"சூடாகிவிட்டானா?" என்பாள் யோகேஸ்,
இரவு ஷிஃப்டுக்குச் சீருடை மாட்டியபடி.
"வலப்பக்கம் கருக்குகிறான்,
இடப்பக்கம் கண்டுகொள்வதே இல்லை" என்பேன்.

மார்ச்சில் அவள் பெர்த் போய்விட்டாள்.
கடைசி வாரம் முழுக்க
மின்கட்டணம் பற்றி மட்டுமே
பேசிக்கொண்டோம்.

இப்போது இரவு பத்தே கால்.
புக்கிட் பாஞ்சாங், ஒன்பதாம் மாடி.
அடுக்களைத் தரையில் நாளிதழ் விரித்து
அதன்மேல் நான்.
சமையல் சோடாவைக் குழைத்து
நேற்றே பூசிவைத்தேன்.
வினிகர் தெளித்தால் சீறுகிறது.
பக்கத்து வீட்டு நோராய்னி அக்கா
பெயிண்ட் சுரண்டும் தகடு தந்தார்.
திருப்பித் தர வேண்டாமாம்.
கதவு இடுக்கில் எட்டிப் பார்த்து
மூக்கைப் பொத்திக்கொண்டே சொன்னார்.

மேல் அடுக்கு சுலபமாய் உரிந்தது.
சீஸ். அது யோகேஸ்.
அடியில் கருஞ்சிவப்பாய்ச் சர்க்கரை,
கண்ணாடிச் சில்லு போல:
சீனப் புத்தாண்டுக்கு அவள் செய்த
அன்னாசி டார்ட், நாற்பத்தெட்டில்
நாற்பத்தொன்று வெடித்து வழிந்தது.
அதுவும் யோகேஸ்.
ஒவ்வொரு சுரண்டலுக்கும் மனதுக்குள்
அவள் பெயரில் பில் எழுதினேன்.

பின்சுவரில் ஒன்று மட்டும் அசையவில்லை.
உள்ளங்கை அகலம். தார் நிறம்.
ஓரத்தில் கோடு கோடாய் ஏதோ.
தலையை உள்ளே நுழைத்து
படம் எடுத்து அனுப்பினேன்.
"இதைப் பார். உன் பங்கு நூற்றைம்பது."

ஜன்னலுக்கு வெளியே எல்ஆர்டி.
எங்கள் புளோக்கை நெருங்கும்போது
அந்த ரயிலின் கண்ணாடிகள் தாமாகவே
வெள்ளை பூத்துக்கொள்ளும்.
அடுத்தவர் வீட்டுக்குள் பார்க்கக்கூடாதாம்.
எங்கள் அவனுக்கும் அதே ஏற்பாடுதான்,
என்ன, எண்ணெயில் செய்தது.

பெர்த்திலும் இதே மணிதான்.
நீலக் கோடு இரண்டும் வந்துவிட்டது.
தட்டச்சு செய்கிறாள். நிறுத்துகிறாள்.
மறுபடி செய்கிறாள்.

"அடியே, அது உன் மீன்."

"சம்பால் தடவி வாழையிலையில்
சுற்றி வைத்தாயே. எனக்கு
பிஆர் இல்லை என்று வந்த ராத்திரி.
உள்ளே வைத்துவிட்டு
என்னைத் தேடிக் கீழே வந்தவள்
மேலே போகவே இல்லை நீ."

அஞ்சல்பெட்டிகளுக்குப் பக்கத்தில்
கல் பெஞ்சு. ஒரு மணி தாண்டியும்
அவள் அழவில்லை, ஈப்போவுக்குத்
திரும்பினால் அப்பா என்ன கேட்பார் என்று
நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.
சிரித்துவிட்டு மேலே வந்தால்
தாழ்வாரம் முழுக்கப் புகை,
எங்கள் கதவை உள்ளங்கையால்
தட்டிக்கொண்டு நோராய்னி அக்கா.

இன்னொரு முறை தலையை நுழைத்தேன்.
கோடுகள் இலை நரம்புதான்.

"நூற்றைம்பது வேண்டாம்" என்று அடித்தேன்.
அழித்தேன்.
"முந்நூறும் என்னுடையதுதான் போல"
என்று அடித்தேன்.
அனுப்புவதற்குள் போன் அதிர்ந்தது.
பத்து விரலிலும் கரி.
மூக்கு நுனியால் தொட்டு எடுத்தேன்.

இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று மாதத்துக்குப் பிறகு
எதில் ஆரம்பிப்பது?
சும்மா இருக்கப் பிடிக்காமல்
தகட்டை எடுத்து
மீன் இருந்த இடத்தைச் சுரண்டினேன்.

"என்னடி சத்தம்?"

"அவன்தான்."

"அங்கேயே இன்னும் அழுத்து," என்றாள்.
"கோ முதலில் அதைத்தான் பார்ப்பார்."