பதினோராம் அத்தியாயம்

நாவல் ஒரே பிரதி.
பிளேடால் முதுகைக் கீறிப் பிரித்தேன்;
பதினோரு பிள்ளைகள், ஆளுக்கோர் அத்தியாயம்.
அட்டை மட்டும் என் பையில்.

கோடை வகுப்பின் திட்டம்
பழைய காலண்டரின் முதுகில்:
கதையில் தபால்காரர் நடந்த தூரத்தை
பூம்பாறை வளைவுகளில் கயிறு போட்டு அளப்பது.
நாலாம் அத்தியாயத்துக்கு மழைமானி,
ஹார்லிக்ஸ் பாட்டிலில்.
ஆறில் அவர் சோலைக்குள் வழி தவறுகிறார்:
காந்தத்தில் தேய்த்த ஊசி, தக்கை,
சாப்பாட்டுத் தட்டில் தண்ணீர்.
ஊசி நடுங்கி வடக்கே நின்றதை நம்பாமல்
கெவின்ராஜ் மூன்று தரம் கலைத்துவிட்டான்.

வேன் வாடகையில் எண்ணூறு குறைகிறது.
பேரிஜத்துக்கு வனத்துறை அனுமதி
இன்னும் வரவில்லை.

எட்டாம் நாள் ஹேமபிரியா இல்லை.
கேரட் எடுப்பாம், மன்னவனூரில்.
குடும்பத்தோடு போய்விட்டாள்,
கடைசி அத்தியாயத்தோடு.

"அந்தக் கடிதம் யாருக்கு டீச்சர்?"

எனக்குத் தெரியும்.
வாய் வரைக்கும் வந்தது.

பேரிஜத்தை அடித்துவிட்டு எழுதினேன்:
நாளைக்கு ஏழரை மணி பஸ்.
எல்லோரும் பழைய சட்டையில் வரவும்.
முடிவை வாசிக்கும் முன்
ஒரு பாத்தியாவது
பிடுங்கிக் கழுவிக் கொடுக்க வேண்டியிருக்கும்.