ஏழு வினாடி

ஷெப்பர்ட் கிழக்கில், டயர்க் கடைக்கு மேலே
இரண்டாம் மாடியில் எங்கள் வானொலி.
ஒன்பதிலிருந்து பத்து மண்டரின்,
பத்திலிருந்து பதினொன்று தமிழ்,
அதற்குப் பிறகு யாரோ ஒரு போதகர், பதிவுசெய்த குரலில்.
மண்டரின் நேரத்தில் நான் ஒலிப்பதிவுக்காரன்,
தமிழ் நேரத்தில் அறிவிப்பாளன்.
நாற்காலி மட்டும் மாறும்.

கண்ணாடிக்கு அப்பால் ஹுவோ யுன்ஷு.
அவள் வாய் திறந்து ஏழு வினாடி கழித்துத்தான்
மார்க்கத்துச் சமையலறைகளில் அவள் கேட்பாள்.
அந்த ஏழு வினாடியும் என் வலது கைக்குக் கீழே
ஒரு சிவப்புப் பொத்தான்.
யாராவது தூஷணம் கதைத்தால் அழுத்த வேண்டும்.
நாலு வருஷத்தில் இரண்டு தரம் அழுத்தியிருக்கிறேன்.
இரண்டும் தமிழில்.

ஜனவரியில் கடலுணவு விருந்தகம் விளம்பரத்தை நிறுத்தியது.
பிறகு பயண முகவர்.
காரணம் ஒருவரும் சொல்லவில்லை.
முந்தின கிழமைதான் யுன்ஷு
கூட்டிப்போகப்பட்ட ஒரு வக்கீலின் பெயரை
இரண்டு தரம், நிறுத்தி, வாசித்திருந்தாள்.

முதலாளி ஃபரூஜா கூப்பிட்டு ஒரு தாள் தந்தார்.
பதினொரு சொற்கள், ஆங்கில எழுத்தில்.
“உனக்கு விளங்கத் தேவையில்லை. கேட்டால் போதும்.”
பஸ்ஸில் இருந்து அவற்றைத் தமிழில் எழுதினேன்.
ல்யூஷ்: வக்கீல்.
ஷ்ஷ்த்ஸோங். மெய்யெழுத்துகள் ஒன்றின்மேல் ஒன்று
நெரிசலில் நின்றன. பொருளை
எழுதவில்லை. அது வீட்டில் இருக்கிற சொல்.
தாய்பூ: கைது.
தாய். பூ.

இப்படித்தான் நான் ஒரு மொழி படிக்கத் தொடங்கினேன்.
வணக்கம் தெரியாது, தண்ணீர் தெரியாது,
கைது தெரியும்.

புதன்கிழமை, ஒன்பது நாற்பது.
யுன்ஷு ஒரு காகிதத்தைப் பார்த்து
இலகுவாக ஏதோ வாசிக்கிறாள். தாய்பூ.
அழுத்தினேன்.
கொஞ்சம் கழித்து மறுபடி, சிரித்துக்கொண்டே, தாய்பூ.
அழுத்தினேன்.
கண்ணாடி வழியே என்னையே பார்த்தாள்.

காலையில் ஃபரூஜாவின் சத்தம் டயர்க் கடை வரை கேட்டது.
வெட்டுப்பட்டது விளம்பரம்.
நடக்க ஏலாதவர்களுக்கு
மின்சார மூன்றுசில்லு வண்டி விற்கிற கடை,
ஆறு மாத ஒப்பந்தம்.
நடைக்குப் பதிலாக ஏறிப்போவதும் தாய்பூதானாம்.
கடைசியில் குரல் விழுந்தால் வண்டி,
தாழ்ந்து வளைந்தால் விலங்கு.
அன்றைக்கே அந்தச் சொல்லைத் தாளில் இருந்து
அவரே பேனையால் அடித்தார்.

யுன்ஷு தாளைக் கேட்டு வாங்கினாள்.
தமிழைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள்.
வாசித்துக் காட்டினேன். சிரித்தாள்,
மூக்கைத் துடைத்தாள், பிறகு திருத்தத் தொடங்கினாள்,
அடித்த சொல்லையும் சேர்த்து, பதினொன்றையும்.
கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்:
ஷென்யாங்கில் அம்மாவிடம் இரண்டு பேர்
தோடம்பழக் கூடையோடு வந்தார்களாம்.
மகள் சுகமா என்று கேட்டார்களாம்.
அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் வண்டி விளம்பரம் நீளுகிறது.
தாய்பூ, விழுகிறது. தாய்பூ, விழுகிறது.
தாய்பூ,
வளைகிறது. பக்கத்தில் ஒரு பெயர், ஓர் ஊர்.
ஏழு வினாடி பொறுத்தால்
தொலைபேசி விளக்குகள் ஆறும் எரியும்.
அவள் திருத்திவிட்ட காது இது, வித்தியாசம் கேட்கிறது.
ஃபரூஜா கேட்டால் எல்லாம் ஒரே சத்தம் என்பேன்.

பத்து மணி. நாற்காலி மாறுகிறேன்.
என் நேரத்துக்குப் பொத்தானடியில் யுன்ஷு இருப்பாள்,
பிளாஸ்டிக் டப்பாவில் நூடில்ஸ் சாப்பிட்டபடி.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
அவளிடம் தாளும் இல்லை.
எனக்கும் ஒருவரும் தந்ததில்லை.

வவுனியாவில் அக்கா, அவளுக்கு மூன்று பெடியள்.
வணக்கம் சொல்லிச் செய்தியை எடுக்கிறேன்.
முதல் செய்தி. இரண்டாவது.
மூன்றாவதின் முதல் சொல் நாக்கு நுனிக்கு வர
பக்கத்தைப் புரட்டி
ஐந்தாவதை வாசிக்கிறேன், காலநிலை,
நாளைக்கும் பனி.

யுன்ஷு முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தாள்.
ஒரு சொல்லும் விளங்கியிராது.
தாள் புரண்டது
அவளுக்குக் கேட்டிருக்கும்.